தெய்வானை தும்மிய பூச்சிகள்

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து உட்கார்ந்த தெய்வானை காலை ஒன்பது மணிக்குத் தும்ம ஆரம்பித்தாள். தும்மிய ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கிலிருந்து கடுகில் பாதி அளவுக்கு மஞ்சள் பூச்சிகள் பறந்து வந்தன. விளக்கு வைக்கும் நேரம்வரை வந்துகொண்டே இருந்தன. காய்ச்சல் விடும்போது என்னென்னவோ வெளியே வரும், கெட்டது போகட்டும் என்று நாங்கள் சன்னலைத் திறந்துவிட்டோம். அவள் மகள் தாரணிக்கு அப்போது எட்டு மாதம். பூச்சி மொய்க்காமல் இருக்கக் குழந்தையின் மேல் ஒரு வேட்டித் துணியைப் போர்த்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம், அன்றைக்குத் தறி ஓட்டக் கரண்ட் இருந்தது.

நான் பக்கத்து வீட்டுக்காரி, பெயர் பாப்பாத்தி. தறியில் குறுக்கே ஓடும் நூலைக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது என் தொழில், தார் சுற்றுவது என்போம். எனக்கும் தெய்வானைக்கும் நடுவில் ஒரே சுவர், அதில் ஒரு சன்னல். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது நல்ல பங்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் ஊஞ்சப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பன்னிரண்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, மறுபடியும் பகல். இப்படி மாறி மாறி ஓடி, பல் விளக்குவது காலையிலா சாயங்காலமா என்பதே மறந்துபோன ஊர். இங்கே பிள்ளைகள் தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தூங்கும். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் பயந்து விழித்து அழும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை தறியை நிறுத்திவைப்போம், அதுதான் எங்கள் மரியாதை. மற்றபடி எதற்கும் நிறுத்த மாட்டோம்.

அந்தப் பூச்சிகள் எங்கள் கண்ணோரம் வந்து உட்கார்ந்தன. கடிக்கவில்லை, அரிக்கவில்லை, தட்டினால் போகவும் இல்லை. ஒருத்தருக்கு ஐம்பது, ஒருத்தருக்கு நூறு என்று இமை முடியில் மகரந்தம் ஒட்டியதுபோல ஒட்டிக்கொண்டன. மூன்றாம் நாள்தான் கவனித்தோம், தெருவில் யாரும் கொட்டாவி விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த ஆள் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சும்மா இருப்பானேன் என்று மறுபடியும் தறிக்கே போனான். டீக்கடை ரங்கநாதன் வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார், புலம்பியவர் கண்ணிலும் பூச்சி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தெய்வானை வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து படித்தார்கள், விட்டுப்போன ஒன்றிரண்டாவது கிடைக்குமே என்று. அவள் புருஷன் அர்த்தநாரி அன்றைக்குப் பூராவும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துவிட்டவன். அவனுக்குத்தான் அதிகம், ஆயிரத்துக்கு மேல். நான்கு தறி ஓட்டிக்கொண்டிருந்தவன் எட்டுத் தறி ஓட்டினான், களைப்பு என்ற சொல்லே அவனுக்கு மறந்துபோனது. முதலாளி சென்னிமலை அவனைத் தோளில் தட்டி, "உன்ற ஊட்டுக்காரி ஒரு தும்மல் தும்முனா, ஊரே முழிச்சுக்கிச்சு போ" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

தெய்வானை தூங்கினாள்.

அவள் பாவு பிணைக்கிறவள். தறியில் நெடுக்கே ஓடும் நூல் வரிசைதான் பாவு; ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய நூலின் முனையோடு புதிய நூலின் முனையை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திருகிப் பிணைக்க வேண்டும், இரண்டாயிரத்து நானூறு இழை. எங்கள் தெருவில் அவள் விரலுக்கு நிகரான விரல் கிடையாது. அந்த விரல்கள் அவள் தூங்கிய பிறகும் நிற்கவில்லை. கண் மூடியிருக்கும், தலை தொங்கியிருக்கும், விரல் மட்டும் பிணைத்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை தன் முந்தானையைப் பிரித்து அதன் இழைகளையும் பாவோடு சேர்த்துப் பிணைத்துவிட்டாள். தறியை ஓட்டியதும் சேலை உள்ளே போக, அவளும் பின்னாலேயே போனாள். நல்லவேளை, அர்த்தநாரி பார்த்து நிறுத்தினான். அன்றோடு அவளை வேலைக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சோறு வடிக்கும்போது தூங்கினாள், பேச்சின் நடுவில் தூங்கினாள், தூக்கத்தின் நடுவில் பேசினாள். கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் யாரோ ஈரத் தலையோடு நிற்கிறார்கள் என்று பயந்தாள். ராத்திரியிலாவது ஒழுங்காகத் தூங்கினாளா என்றால் அதுவும் இல்லை, மணிக்கு ஒரு தடவை முழித்துக்கொண்டாள்.

சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. காலையில் ஒரு வீட்டிலிருந்து இட்லி போகும், மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து குழம்பு போகும். அவள் வாசலில் வெயில் படாமல் தகரம் போட்டுக் கொடுத்தார் சென்னிமலை. குடிக்கத் தண்ணீர், விசிறிக்கொள்ள விசிறி, எல்லாம் கொடுத்தோம். அவளுடையதை மட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

தாரணிக்கு இரண்டு வயதானபோது, ஒரு பங்குனி மத்தியானம், வாசலில் குழந்தையை நிறுத்தித் தெய்வானை தலை சீவிக்கொண்டிருந்தாள். ஒரு கோழி வந்து குழந்தையின் கையிலிருந்த முறுக்கைக் கொத்திக்கொண்டு போனது. குழந்தை அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அர்த்தநாரி குரலிலேயே, "ஏனுங் கோழி, கேட்டுட்டு எடுக்கோணும்ல?" என்றது. தெய்வானை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் தாடை தொங்கியது, கழுத்து சாய்ந்தது, முழங்கால் மடிந்தது, துணி நழுவி விழுவதுபோலத் தெருவில் விழுந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கையைத் தூக்கிவிட்டால் பொத்தென்று விழுந்தது. நான்தான் முதலில் ஓடிப் பார்த்தேன். மூக்கில் கை வைத்தேன். எனக்கு இருந்த படபடப்பில் மூச்சு தெரியவில்லை. "அய்யோ, தெய்வான போயிட்டாளே!" என்று கத்தினேன்.

தறிகள் நின்றன. முதலில் எங்கள் வரிசை, பிறகு எதிர் வரிசை, பிறகு பிள்ளையார் கோயில் தெரு. தறி நின்றதும் ஊரிலிருந்த கைக்குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு ஒரே சமயத்தில் வீறிட்டன. அந்த அழுகைக்கு நடுவில் நாங்களும் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம். அர்த்தநாரி சுவரில் முட்டிக்கொண்டான். சென்னிமலை துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார், நின்றவர் தன் இமையைத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "இவ போனா, பூச்சியும் போயிருமா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் அழுகையை நிறுத்தினோம். நானும் நிறுத்தினேன். நிறுத்திவிட்டு இமையைத் தொட்டுப் பார்த்தேன்.

தெய்வானை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். இரண்டு நிமிஷம் கழித்து விரல் அசைந்தது, பிறகு உதடு. "நா சாகலக்கா" என்றாள், சொன்ன கையோடு தூங்கிப்போனாள். தறிகளை மறுபடியும் ஓட்டினோம்.

அன்று சாயங்காலம் குழந்தை என்னிடம் வந்து, "அம்மா ஏன் உழுந்துச்சு?" என்று கேட்டது. நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "நீ சிரிக்க வெச்சீல்ல, அதுதான். இனிமே உங்கம்மாவச் சிரிக்க வெக்காத கண்ணு, செத்துப்போயிரும்." சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். குழந்தை மறக்கவில்லை.

அடுத்த வாரம் அவளை ஈரோட்டுக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அர்த்தநாரிக்குத் தறியை விட்டு வர முடியவில்லை. டாக்டர் ரெஜினா நிதானமானவர். முதுகுத்தண்டில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்ததும் எங்களை எதிரில் உட்காரவைத்து, சீட்டின் பின்பக்கம் ஒரு தலையை வரைந்து, நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"மூளையோட அடி ஆழத்துல, இங்க, ஒரு சிட்டிகை அளவுக்குச் சில செல்லுங்க இருக்கும்மா. மொத்தமே எழுபதாயிரம்தான் வரும். அது ஹைப்போகிரெட்டின்னு ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். நம்மளை முழிச்சிருக்க வைக்கிறதுக்கு ஹிஸ்டமின், டோப்பமின்னு இன்னும் நாலஞ்சு ரசாயனம் இருக்கு. அதெல்லாம் வேலைக்காரங்க. இது மேஸ்திரி. மேஸ்திரி நின்னு பாத்தாத்தான் அவனவன் அவன் தறியில நிப்பான். இவங்களுக்கு மேஸ்திரி இல்ல. தண்ணியில அந்த ரசாயனம் கிட்டத்தட்டச் சுத்தமா இல்ல."

"அதுதான் முழிச்சிருக்கையில தூக்கம், தூங்கையில முழிப்புங்களா?" என்றேன்.

"ஆமா. அப்புறம், கனவு வர்றப்ப நாம எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னு மூளை கைகாலுக்குப் போற கரண்ட்டை நிறுத்தி வைக்கும். மேஸ்திரி இல்லாததால அந்த ஸ்விட்ச் பகல்லயே விழுந்துடுது. கோபம் வந்தாலும் விழும், பயந்தாலும் விழும். ஆனா சிரிப்பு வந்தாத்தான் ரொம்ப. நினைவு மட்டும் தப்பாது, எல்லாம் கேட்கும். அப்படியே படுத்திருந்தா கொஞ்ச நேரத்துல தூக்கம் இழுத்துக்கும்."

தெய்வானை அவ்வளவு நேரமும் நாற்காலிக் கையை நகத்தால் கீறிக்கொண்டு விழித்திருந்தாள். "அந்தச் செல்லுங்க எங்கீங்க போச்சு?" என்று கேட்டாள்.

"காய்ச்சல் கிருமியை அடிக்கப் போன உங்க உடம்போட காவல், சாயல் ஒண்ணா இருந்ததால இதையும் எதிரின்னு நினைச்சுக் கொன்னிருக்கும். அப்படித்தான் நாங்க நினைக்கிறோம்."

"சாகலீங் டாக்டர்" என்றாள் தெய்வானை. "பறந்து போச்சு. பாப்பாத்தியக்கா கண்ணுல பாருங்."

டாக்டர் எழுந்து வந்து என் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இதுங்க உங்க உள்ள திரும்பி வந்தாலும் உங்க காவல் விடாதும்மா. ஒரு நாள் தாங்கினா அதிகம்" என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். போன ரசாயனத்தையே மாத்திரையாகக் கொடுக்க இன்னும் வழி வரவில்லை என்றும், இது மற்ற வேலைக்காரர்களைத் தட்டிவிடுகிற மாத்திரை, ஓரளவுக்குத்தான் கேட்கும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

ஓரளவுக்குக் கேட்கத்தான் செய்தது. காலையில் மூன்று மணி நேரம் அவளுக்குக் கண் தெளிந்தது. சிரித்தால் முகம் மட்டும் தொங்கி நின்றுவிடும், விழ மாட்டாள். ஆனால் அவள் மாத்திரை போட்ட நேரத்தில் எங்கள் இமையிலிருந்த பூச்சிகள் தாய் வீட்டைக் கண்டதுபோல நிலைகொள்ளாமல் தவித்தன. தெருவில் கொட்டாவி கேட்டது. எட்டாவது தறியில் அர்த்தநாரி கண் அசந்தான், குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா தெறித்து நெற்றியில் பட்டது. மாத்திரை ஈரோட்டில்தான் கிடைக்கும், சனிக்கிழமை சனிக்கிழமை அவன்தான் வாங்கி வர வேண்டும். ஒரு சனிக்கிழமை மறந்தான். அடுத்த சனிக்கிழமையும் மறந்தான். யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. நான் வாரத்துக்கு இரண்டு தடவை ஈரோட்டுக்குத் தார்க் குச்சி வாங்கப் போகிறவள், அந்த மருந்துக்கடை வழியாகத்தான் போவேன், வருவேன்.

இப்படியே நான்கு வருஷம் போனது. தெருவில் மாடிகள் ஏறின, தறிகள் கூடின. யாரும் கனவு காணவில்லை. கனவு கண்டு என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டுக்கொண்டோம். வெளியூர்க்காரன் கேட்டால், "எங்க தெருவுக்குத் தண்ணி வாகு அப்படி" என்று சொல்லப் பழகினோம். தெய்வானை சிரிக்காமல் இருக்கப் பழகினாள். சந்தோஷம் வருகிறது என்று தெரிந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிப்பாள். தாரணி அம்மாவைச் சிரிக்க வைக்காமல் இருக்கப் பழகினாள். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவாள். "அம்மா, தண்ணி வந்திருச்சு." "அம்மா, ரெண்டு நோட்டு வேணும்." அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. பெண் ஏன் இப்படி உம்மணாமூஞ்சியாக இருக்கிறாள், தூங்குமூஞ்சித் தாயைப் பிடிக்கவில்லையோ என்று தெய்வானை என்னிடம் அழுவாள், அழுதுகொண்டே தூங்கிப்போவாள். ஏன் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

தாரணி ஒன்றாம் வகுப்புப் படிக்கையில் ஒரு நாள் டீச்சர் வாசுகி தெருவோடு போகும்போது தெய்வானை வீட்டு வாசலில் நின்றார். "உங்க பொண்ணு இருக்காளே, ஐயோ, அவளால எனக்குப் பாடமே நடத்த முடியலீங்க. என்னை மாதிரியே நடந்து காட்றா, ஹெட்மாஸ்டர் மாதிரி மூக்கு சிந்தறா, கிளாஸே உருண்டு சிரிக்குது. எனக்கு வயித்து வலியே வந்துருச்சுன்னா பாத்துக்குங்களேன்."

"எம் பொண்ணா?" என்றாள் தெய்வானை. "தாரணியா?"

டீச்சர் போன பிறகு அவள் சன்னலுக்கு வந்து, "அக்கா, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொண்ண எனக்குத் தெரியாதாமா" என்றாள். "ஒரே ஒரு நா. அவ ஏதாச்சும் சொல்லி, நா நின்னுக்கிட்டுச் சிரிக்கோணும். அப்பறம் ஆயுசுக்கும் தூங்குனாலும் பரவால்ல."

மறுநாள் காலையில் அவள் வீடு வீடாகக் கேட்கப் போனாள். பூச்சிகள் தானாகத் திரும்பாது, வைத்திருப்பவர் அவள் பக்கத்தில் படுத்து மனசாரத் தூங்கினால்தான் இடம் மாறும். இது எங்கள் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது, தெரிந்ததால்தான் அவள் பக்கத்தில் யாரும் படுத்ததில்லை. ரங்கநாதன் வீட்டில், பெண் கல்யாணம் முடியட்டும் என்றார்கள். எதிர் வீட்டில், பையன் பரீட்சை முடியட்டும் என்றார்கள். சென்னிமலை எழுந்து நின்று கும்பிட்டு, "தர்றதுக்கு என்ன தாயி, ஆனா டாக்டரு என்ன சொன்னாங்க? உன்ற ஒடம்பே அதக் கொன்னு போடும்னாங்கல்ல? எங்ககிட்ட இருந்தா உசுரோடவாச்சும் இருக்குது" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியாகச் சாயங்காலம் என்னிடம் வந்தாள். எனக்கு இருந்தது அறுபதோ எழுபதோ. "நாளைக்குப் பாக்கலாம் சாமி, இன்னிக்குத் தார் நெறைய இருக்குது" என்றேன். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு என் படியிலேயே தூங்கிப்போனாள்.

அர்த்தநாரியை ஆள்விட்டுக் கூப்பிட்டோம். வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த தாரணி, கேள்வி ஏதும் கேட்காமல், படியில் கிடந்த அம்மாவின் செருப்பு இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவன் ஒரு தடவை திரும்பிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். ஆறு வயசு முகம் அது இல்லை. அவன் ஆயிரம் பூச்சி ஒட்டிய கண்ணால் இத்தனை வருஷமாக எட்டுத் தறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் தறிக்குப் போகவில்லை. பாயில் தெய்வானை பக்கத்தில் படுத்தான். சன்னல் வழியாகப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. "மாத்தர விசயத்துல நா மறக்கல தெய்வான" என்றான். அவள் தூக்கத்தில், "தெரியுமுங்க" என்றாள். அவன் கொஞ்ச நேரம் குலுங்கினான், பிறகு இமை இறங்கியது, பிறகு குறட்டை. பூச்சிகள் ஒவ்வொன்றாக எழுந்து, வரிசை பிடித்து, அவள் மூக்குக்குள் போயின.

ஏழரை மணிக்குத் தெய்வானை எழுந்து உட்கார்ந்தாள். இந்த ஐந்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. வீட்டை ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள், தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், முகம் கழுவினாள், ஈரத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். அவளுக்குக் கிடைத்தது ஒரு பகல்; சாயங்காலத்துக்குள் அவள் உடம்பு அவற்றைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிடும். அது அவளுக்கும் தெரியும்.

தாரணி குழாயிலிருந்து குடத்தோடு வந்தாள். அப்பன் வாயைத் திறந்துகொண்டு பாயில் கிடக்கிறான், அம்மா நின்றுகொண்டு தலை துவட்டுகிறாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சமும் சிரிப்பில்லாமல் அப்பனிடம் குனிந்து கேட்டாள்: "ஏம்ப்பா, இந்த வாரம் உங்க ஷிப்ட்டா?"

தெய்வானை சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. கழுத்து நிமிர்ந்தே இருந்தது, முழங்கால் மடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நின்றுகொண்டு, நின்றுகொண்டே சிரித்தாள்.

தாரணி வீறிட்டாள். ஓடி வந்து இரண்டு கையாலும் தாயின் வாயைப் பொத்தினாள். "வேணாம்மா, சிரிக்காத, நா சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன்மா! உக்காரு, உக்காரு!"

"எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. பாரு, நிக்கறம் பாரு. அம்மாவுக்கு நல்லாயிருச்சு."

"செத்துப்போயிருவே! பெரீம்மா சொல்லிச்சு! படும்மா, படு!"

பெரியம்மா என்றது என்னை. பிள்ளைக்கு மூச்சு முட்டியது, விக்கலாக வந்தது, உதடு நீலம் பாய்ந்தது. தாயின் சேலையைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் போட்டுக் கீழே இழுத்தாள். தெய்வானை அவளைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், குதித்துக் காட்டினாள், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், பிள்ளையின் விக்கலை நிறுத்த வேறு வழி தெரியாமல், மெதுவாக முழங்காலை மடித்து, தாடையைத் தொங்கவிட்டு, தரையில் சரிந்து படுத்தாள்.

தாரணி உடனே அமைதியானாள். பழகிய கை. தாயின் தலையை ஒருக்களித்து வைத்தாள், கையை மார்பின் அடியிலிருந்து எடுத்துவிட்டாள், வாயோரம் துடைத்தாள். பிறகு முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரம் ஆனதும் தாயின் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கையை ஆட்டிப் பார்த்தாள்.

"தூங்கிட்டியாம்மா?"

தெய்வானை அசையாமல் கிடந்தாள்.

"ம்... தூங்கிருச்சு." அவள் எழுந்து நின்றாள். கதவைச் சாத்தினாள். திரும்பியபோது அந்த முகம் போயிருந்தது, ஆறு வயசு முகம் வந்திருந்தது. "அம்மா, முந்தாநேத்து என்னாச்சு தெரியுமா? ஹெட்மாஸ்டரு வேட்டியில கோந்து ஒட்டிக்கிச்சு." எழ முடியாத ஹெட்மாஸ்டராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாசுகி டீச்சராகக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினாள். பிறகு இடுப்பில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, பக்கத்து வீட்டுச் சன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்; அது நான். அச்சு அசல் நான். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுத் தாயிடம் குனிந்து, "நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். தினமும் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, ஒவ்வொரு தடவை தாய் விழுந்து தூக்கம் இழுத்துக்கொண்ட பிறகும், நான்கு வருஷமாக.

தெய்வானையின் முகம் சன்னல் பக்கம் இருந்தது. அவள் பல்லைக் கடித்திருந்தாள். தொண்டையில் சிரிப்பு ஏறி ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது, வயிறு ஒரு தடவை துடித்தது, உடனே அடக்கிக்கொண்டாள். பிள்ளை இப்போதுதான் சூடு பிடித்திருந்தாள், இன்னும் கறிக்கடைக்காரர், கண்டக்டர், ஊரில் பாதிப் பேர் பாக்கி இருந்தார்கள். கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் வாசற்பக்கத்திலிருந்து அடுப்புவரை போனது, அடுப்பிலிருந்து சுவருக்கு ஏறியது. அன்றைய பகல் முழுவதும் தெய்வானை ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.